கொழும்பிலிருந்து மேற்கே: புதுப் பாய்மரப் படகை ஆழ்கடலுக்குத் தயார் செய்தல்

புதுப் படகு எடுத்தவர்கள் பலரிடம் ஒரு நம்பிக்கை இருக்கிறது. எல்லாம் புதுசு, எனவே எதுவும் பழுதாகாது என்பார்கள். ஆழ்கடலில் நிலைமை இதற்கு நேர்மாறு. பத்து வருடம் ஓடிய படகில் கழன்று விழ வேண்டியதெல்லாம் எப்போதோ விழுந்து, மாற்றியும் ஆகியிருக்கும். புதுப் படகின் நட்டுகளும் குழாய்ப் பொருத்துகளும் வயர் முனைகளும் இன்னும் ஒரு அலையையும் கண்டதில்லை. குறை இருக்கத்தான் செய்யும். அது கொழும்பு வெளிச்சவீடு தெரியும் தூரத்தில் வெளிப்படுகிறதா, 200 மைல் வெளியே வெளிப்படுகிறதா என்பது மட்டும்தான் நம் கையில் இருக்கிறது.

இங்கே சொல்லப்போகும் கணக்குகள் எல்லாம் ஒரு குறிப்பிட்ட படகுக்கும் ஒரு குறிப்பிட்ட பயணத்துக்கும் உரியவை. படகு 35 அடி, பைபர் உடல், ஒற்றைப் பாய்மரம், அடியில் கீல் (படகைக் கவிழாமல் பிடிக்கும் கனமான அடித்தகடு), 30 குதிரைவலு டீசல் எஞ்சின், ஆட்கள் மூன்று பேர். போகும் இடம் மாலைதீவின் வட முனையில் இருக்கும் உலிகமு. கொழும்பிலிருந்து கிட்டத்தட்ட நேர் மேற்கு, சுமார் 410 கடல் மைல். சராசரி 5 நொட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் 82 மணி நேரம், அதாவது மூன்றரை நாள். முதல் பெருங்கடல் பயணத்துக்கு இதைவிடப் பொருத்தமான தூரம் கொழும்புக்காரருக்குக் கிடையாது.

காலத்திலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் வேலைத் திட்டம் முழுவதும் அதைப் பிடித்துத்தான் போகிறது. மே முதல் செப்டம்பர் வரை சோளகம். தென்மேற்கிலிருந்து வரும் அலை நேரே நம் கரையில் மோதும். மேற்கே போக நினைக்கவே வேண்டாம். ஒக்டோபர், நவம்பரில் காலையில் காற்றே இராது, பின்னேரம் இடிமழை. வங்காள விரிகுடாவில் சூறாவளி உருவாகும் காலமும் அதுதான், டிசம்பர் வரை நீளும். ஜனவரியில் வாடை, அதாவது வடகிழக்குக் காற்று, நிலையாக நிற்கும். ஆகவே பயணம் ஜனவரி நடுவிலிருந்து மார்ச் தொடக்கத்துக்குள். படகு தண்ணீரில் இறங்குவது ஒக்டோபர் முதல் வாரம். இடையிலுள்ள மூன்று மாதமும் சோதனைக்கு. படகுத் தளம் 'இன்னும் ரெண்டு கிழமை' என்று இழுத்து டிசம்பரில் இறக்கினால், அந்த வருடப் பயணத்தை விட்டுவிட்டு அடுத்த ஜனவரிக்குப் போவதுதான் சரி. சோதனை நாட்களை வெட்டி ஈடுகட்டக் கூடாது.

வாடைக் காலத்தில் மேற்குக் கரை ஏமாற்றும். காலிமுகத்திடலில் நின்று பார்த்தால் கடல் தகடுபோலக் கிடக்கும், ஏனென்றால் தீவே காற்றை மறைத்து நிற்கிறது. ஆனால் அதே வாடை பாக்கு நீரிணைக்குள் நெருங்கி, மன்னார் வளைகுடா வழியாக வேகமெடுத்துத் தென்மேற்கே பாய்கிறது. கரையை விட்டு மேற்கே சில மணி நேரம் போனதும் அந்தக் காற்றுக்குள் நுழைவீர்கள். 10 நொட் இருந்த இடத்தில் 20, 25 நொட், குட்டையான செங்குத்து அலையோடு. அந்தக் காற்று வலப்பக்கத்திலிருந்து வரும். படகு இடப்பக்கம் சாய்ந்து, மூன்று நாளும் அப்படியே ஓடும்.

இந்த ஒரே பக்கச் சாய்வை மனதில் வைத்துத்தான் தயாரிப்பைச் செய்ய வேண்டும். துறைமுகத்தில் நேராக நிற்கும்போது தண்ணீருக்கு மேலே இருக்கும் இடப்பக்கத் துளைகள் மூன்று நாள் தண்ணீருக்குள் இருக்கும். டீசல் தாங்கியின் உறிஞ்சு குழாய் வலப்பக்கம் இருந்தால், தாங்கி கால்வாசி ஆனதுமே காற்றை உறிஞ்சத் தொடங்கும். கழுவு தொட்டி இடப்பக்கம் இருந்தால் அதன் கழிவுக் குழாய் வழியாகக் கடல் நீர் மேலேறி உள்ளே வழியும். அரை மணி நேரம் இப்படியும் அரை மணி நேரம் அப்படியும் ஓட்டிப் பார்க்கும் சோதனையில் இவை எதுவும் தெரிய வராது.

தரையில் இருக்கும்போதே முடிக்க வேண்டியவை சில உண்டு. கொழும்பில் வற்றுக்கும் பெருக்குக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீற்றருக்கும் குறைவு. பெருக்கில் படகைக் கரையோரம் சாய்த்துவிட்டு, வற்றில் அடியைத் திருத்தும் வசதி இங்கே இல்லை. இறக்கிய பிறகு அடியில் ஒரு வேலை என்றால் ஒன்றில் கிரேன், அல்லது சுழியோடி. டிக்கோவிட்டவோ வேறெந்தத் துறையோ, தூக்குவதற்கான நேரமும் செலவும் உங்கள் கையில் இராது.

அடிப் பூச்சு: அச்சிலிருந்து எடுத்த புது பைபரின் மேல் மெழுகு இருக்கும். அதைத் துடைக்காமல் உப்புத்தாள் போட்டால் மெழுகு கீறல்களுக்குள் இறங்கிவிடும், பூச்சு சில மாதத்தில் தகடு தகடாக உரியும். முதலில் மெழுகு நீக்கும் கரைப்பானில் நனைத்த துணியால் ஒரே திசையில் துடைத்து, துணியை அடிக்கடி மாற்றுங்கள். தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்: முத்து முத்தாக உருண்டால் மெழுகு இன்னும் இருக்கிறது, தாளாகப் படர்ந்தால் போய்விட்டது. பிறகு 80ஆம் இலக்க உப்புத்தாள், அதன் மேல் எபொக்சி தடுப்புப் பூச்சு, தயாரிப்பாளர் சொல்லும் தடிப்பு வரும் வரை பல கை. நம் கடல் வருடம் முழுக்கச் சூடானது. பைபருக்குள் நீர் ஊறிக் கொப்பளம் போடுவது இங்கே குளிர் நாடுகளைவிட வேகமாக நடக்கும். கடைசி எபொக்சி கை விரல் வைத்தால் ரேகை பதியும் பதத்தில் இருக்கும்போதே பாசி தடுக்கும் பூச்சின் முதல் கையை அடித்துவிட வேண்டும். ஆழமானியின் முகத்திலும் சிங்க் கட்டிகளிலும் பூச்சு படக் கூடாது.

அடுத்தது துளைகள். ஒரு படகின் அடியில் தேவையான துளைகளே ஆறு ஏழு வரும்: எஞ்சின் குளிர்நீர், கழிப்பறைக்கு இரண்டு, கழுவு தொட்டி, ஆழமானி, எஞ்சின் தண்டு. கணக்கைப் பாருங்கள். நீர்மட்டத்துக்கு 60 சென்ரிமீற்றர் கீழே 38 மில்லிமீற்றர் துளையில் குழாய் கழன்றால், நிமிடத்துக்கு ஏறத்தாழ 140 லீற்றர் உள்ளே வரும். மணிக்கு 2000 கலன் என்று பெட்டியில் எழுதிய மின் பம்ப் மேலே தூக்க எதுவுமில்லாத நிலையில்தான் நிமிடத்துக்கு 126 லீற்றர் தள்ளும். ஒரு மீற்றர் உயரம், நெளிந்த குழாய், பற்றரி வோல்ற் இறக்கம் எல்லாம் சேர்ந்தால் பாதியைத்தான் நம்பலாம். ஆகவே பம்ப் உங்களைக் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம். அது ஆப்பு அடிக்க நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான். ஒவ்வொரு துளையையும் மூடித் திறக்கும் வால்வுக்குப் பக்கத்தில் அதன் அளவுக்கேற்ற மென்மர ஆப்பு ஒன்றைக் கயிற்றில் கட்டித் தொங்கவிடுங்கள். எல்லா ஆப்பையும் ஒரே பெட்டியில் போட்டு வைத்தால் இருட்டில் தேட வேண்டி வரும்.

வால்வு எந்த உலோகம் என்று கேட்டுத்தான் பொருத்த விட வேண்டும். வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பித்தளைப் பந்து வால்வு (ball valve) பார்க்க அழகாக இருக்கும், விலையும் குறைவு. கடல் நீரில் அதிலுள்ள நாகம் (சிங்க்) கரைந்து போய், மிஞ்சும் செம்பு இளஞ்சிவப்பாக, பொறபொறவென்று நிற்கும். கைப்பிடியைத் திருப்பும்போது கையோடு முறிந்து வரும். வெண்கலம், நாகம் கரையாத வகைப் பித்தளை, அல்லது கடலுக்கென்றே செய்த கண்ணாடியிழை கலந்த நைலோன் வால்வு, இந்த மூன்றில் ஒன்றுதான். பொருத்தியபின் கைப்பிடியை முழுசாக மூடித் திறக்க இடம் இருக்கிறதா என்றும் பாருங்கள். பக்கத்துச் சுவரில் இடித்து முக்கால்வாசியோடு நிற்கும் வால்வுகள் புதுப் படகில் சாதாரணம்.

ஸ்டெயின்லஸ் ஸ்டீலிலும் இதே கதைதான். பழைய சோனகத் தெரு ஹார்ட்வெயார் கடையில் "அண்ணே, இது 316 தானா?" என்று கேட்டால் "காந்தம் ஒட்டாது, பாருங்க" என்று ஒட்டிக் காட்டுவார்கள். 304க்கும் காந்தம் ஒட்டாது. இரண்டுக்கும் வித்தியாசம் 316இல் உள்ள 2 முதல் 3 சதவீத மொலிப்டினம். அதைக் காட்ட ஒரு துளி வைத்து நிறம் பார்க்கும் சோதனைத் திரவம் உண்டு. பாய்மரக் கம்பியோடு சேரும் எந்தப் பாகத்தையும் அந்தச் சோதனை இல்லாமலோ ஆலைச் சான்றிதழ் இல்லாமலோ வாங்காதீர்கள். காந்தம் உதவுகிற இடம் வேறு: ஹோஸ் கிளிப். பட்டி ஸ்டெயின்லஸாக இருக்கும், திருகாணி சாதாரண இரும்பாக இருக்கும். திருகாணியில் காந்தம் பலமாகப் பிடித்தால் அந்தக் கிளிப்பை வாங்காமல் விடுங்கள். நீர்மட்டத்துக்குக் கீழே உள்ள ஒவ்வொரு முனைக்கும் இரண்டு கிளிப், திருகாணிகள் எதிரெதிர் பக்கம் பார்க்க. ஆனால் குழாய் ஏறி நிற்கும் கழுத்து இரண்டுக்கும் போதிய நீளமாக இருக்க வேண்டும். நீளம் போதாமல் விளிம்பில் ஏறிய கிளிப் குழாயை வெட்டிவிடும்.

படகின் அடிவயிற்றைத் துப்புரவாக்குங்கள். புதுப் படகில் அங்கே பைபர் தூள், வெட்டிய கேபிள் டை வால்கள், மரச் சீவல், விழுந்த திருகாணி எல்லாம் கிடக்கும். முதல் ஆட்டத்தில் எல்லாம் திரண்டு பம்பின் வாயை அடைக்கும். வெற்றிடத் தூசி உறிஞ்சியால் உறிஞ்சி, பிறகு 50 லீற்றர் நன்னீரை முன் அறையில் ஊற்றி, அது தடையில்லாமல் பம்ப் இருக்கும் இடத்துக்கு வந்து சேர்கிறதா என்று பாருங்கள். வழியில் தேங்கினால், அறைகளுக்கு இடையிலுள்ள வடிகால் ஓட்டை ரெசினால் மூடியிருக்கிறது என்று அர்த்தம்.

மேல்தளக் கசிவுக்கு ஒக்டோபர் பின்னேர மழை நல்ல சோதனை, ஆனால் போதாது. மழை மேலிருந்து விழுகிறது. கடல் பக்கத்திலிருந்து அடிக்கிறது. தோட்டத்துக் குழாயைப் பிடித்து, தாழ்ந்த இடத்தில் தொடங்கி மேலே மேலே போங்கள், ஒவ்வொரு பகுதிக்கும் 20 நிமிடம். மேலிருந்து தொடங்கினால் வழிந்த நீர் எங்கே புகுந்தது என்று தெரியாமல் போய்விடும். உள்ளே இன்னொருவர் ரோச் லைட்டும் டிஷ்யூ பேப்பருமாக ஒவ்வொரு போல்ட்டின் அடியையும் ஒற்றிப் பார்க்க வேண்டும். கண்ணுக்குத் தெரியாத ஈரம் டிஷ்யூவில் தெரியும். மேல்தளத்தின் நடுப்படை பால்சா மரமாக இருந்தால் இதில் விட்டுக்கொடுப்பே வேண்டாம்: ஒவ்வொரு போல்ட் துளையும் பெரிதாகக் குடையப்பட்டு, எபொக்சியால் நிரப்பி, அதற்குள் மறுபடி துளையிட்டிருக்க வேண்டும். அப்படிச் செய்யாத துளை வழியாக நீர் மரத்துக்குள் இறங்கினால் மேல்தளம் உள்ளுக்குள்ளேயே உக்கும்.

இனி பாய்மரமும் அதை நிமிர்த்திப் பிடிக்கும் கம்பிகளும். புதுக் கம்பி முதல் சில பயணங்களில் நீளும், அதன் இழைகள் ஒன்றோடொன்று படிந்து இறுகுவதால். படகுத் தளத்தில் இறுக்கியதோடு விட்டுவிட்டால், பலத்த காற்றில் மறுபக்கக் கம்பி தொளதொளவென்று ஆடி, ஒவ்வொரு அலைக்கும் மரத்தை உதறும். முறிவுகள் பெரும்பாலும் அந்த உதறலில் வருகின்றன, நேர் இழுப்பில் அல்ல.

இழுப்பு மானி இல்லாமலே இறுக்கத்தை அளக்க ஒரு வழி உண்டு. 1×19 வகைக் கம்பிக்கு (19 தனி இழைகளை முறுக்கியது), தடிப்பு எதுவானாலும், 2 மீற்றர் நீளத்தில் 1 மில்லிமீற்றர் நீட்சி வந்தால் அதன் முறிவுப் பலத்தில் 5 சதவீத இழுப்பு என்று கணக்கு. கம்பியைக் கையால் மட்டும் இறுக்கி, தொய்வு போன நிலையில் நிறுத்துங்கள். 2 மீற்றர் அளவுச் சட்டத்தின் மேல் முனையைக் கம்பியோடு ரேப்பால் இறுகச் சுற்றுங்கள். கீழ் முனை கம்பியின் அடிப் பொருத்தின் விளிம்பை மட்டுமட்டாகத் தொட்டு நிற்க வேண்டும். இனி டேர்ன்பக்கிளை (கம்பியின் அடியில் உள்ள இறுக்கு திருகை) திருப்புங்கள், இடது வலது மாறி மாறி, இரண்டிலும் ஒரே எண்ணிக்கை. சட்டத்தின் அடிக்கும் பொருத்தின் விளிம்புக்கும் நடுவே இடைவெளி விழும். 3 மில்லிமீற்றர் வந்தால் 15 சதவீதம். மரத்தின் மேல் முனைக்குப் போகும் பக்கக் கம்பிக்கு அதுதான் நல்ல தொடக்கம். ஸ்பிரெடர்கள் (மரத்திலிருந்து பக்கவாட்டில் நீண்டு கம்பியைத் தள்ளி நிறுத்தும் சட்டங்கள்) பின்பக்கம் சாய்ந்த படகுக்கு 4 மில்லிமீற்றர் வரை போகலாம். பிறகு கடலுக்குப் போய் 20 பாகை சாயும்வரை பாயை இழுத்துப் பாருங்கள். காற்றுக்கு மறுபக்கக் கம்பி கையால் அசைத்தால் அசையலாம், தானாகத் தொங்கி ஆடக் கூடாது. ஒவ்வொரு சோதனைப் பயணத்துக்குப் பிறகும் திரும்ப அளந்து எழுதி வையுங்கள். இரண்டு பயணங்களுக்கு அளவு மாறாமல் நின்றால் கம்பி படிந்துவிட்டது.

டேர்ன்பக்கிள் மரைகளுக்கு எண்ணெய்ப்பசை இல்லாமல் திருப்பக் கூடாது. ஸ்டெயின்லஸ் மேல் ஸ்டெயின்லஸ் வறண்டு உராய்ந்தால் ஒட்டி இறுகிவிடும், பிறகு வெட்டித்தான் எடுக்க வேண்டும். டேர்ன்பக்கிள் தானாகக் கழலாமல் பூட்டும் ஸ்பிளிட் பின்னின் கால்களைச் சுருட்டி மடக்காமல் கொஞ்சம் விரித்தால் போதும். கடலில் அவசரத்துக்கு ஒரு கொறட்டால் இழுத்து எடுக்கலாம். அலுமினிய மரத்தில் ஸ்டெயின்லஸ் திருகாணி இறங்கும் ஒவ்வொரு இடத்திலும் இரண்டுக்கும் நடுவில் தடுப்புப் பசை வேண்டும். இல்லாவிட்டால் ஒரே வருடத்தில் வெள்ளைத் தூள் பூத்துத் திருகாணி சிக்கிக்கொள்ளும்.

தண்ணீரில் இறக்கிய பிறகு எஞ்சினை உடனே பூட்டி முடித்துவிட வேண்டாம். தரையில் முட்டுகளின் மேல் நிற்கும்போது இருக்கும் உடலின் வடிவம் மிதக்கும்போது கொஞ்சம் மாறும். இரண்டு மூன்று நாள் மிதக்கவிட்டு, எஞ்சினுக்கும் தண்டுக்கும் நடுவிலுள்ள இணைப்புத் தட்டைக் கழற்றி, ஃபீலர் கேஜால் நான்கு பக்கமும் இடைவெளியை அளக்க வேண்டும். 100 மில்லிமீற்றர் தட்டுக்கு 0.1 மில்லிமீற்றருக்கு மேல் வித்தியாசம் இருக்கக் கூடாது. இது பிழைத்தால் அதிர்வு வரும், கியர் பெட்டியின் சீல் போகும், தண்டு வழியாகத் தண்ணீர் வரும். சுக்கானையும் அதே நாட்களில் திருப்பிப் பாருங்கள். சுக்கான் தண்டு சுழலும் நைலோன் தாங்கி (bearing) சூடான நீரில் ஊறிப் பருத்துச் சுக்கானைப் பிடித்துக்கொள்வது உண்டு. முதல் நாள் இலகுவாகத் திரும்பியது பத்தாம் நாள் கனத்தால் காரணம் அதுதான். படகைத் தூக்கி அந்தத் தாங்கியைக் குடைய வேண்டும். அவசரச் சுக்கான் பிடியை உண்மையிலேயே மாட்டி அரை மணி நேரம் ஓட்டுங்கள். பின் இருக்கைக்கு இடித்துத் திரும்பாத பிடிகளும் வருகின்றன.

டீசலில் எஞ்சின் நிற்பதற்குக் காரணம் அநேகமாக அழுக்கு. புதுத் தாங்கியில் துளையிட்ட சீவல்கள் கிடக்கும், நம் ஈரக் காற்றில் தாங்கிக்குள் நீர் வடிந்து அதில் பூஞ்சைச் சளி வளரும். அமைதியான தண்ணீரில் அது அடியில் படிந்து கிடக்கும். அலையில் கலங்கி பில்டரை அடைக்கும், துறைமுக வாயில் மாதிரி எஞ்சின் கட்டாயம் வேண்டிய இடத்தில். ஆகவே சோதனையும் கலக்கத்தில்தான் செய்ய வேண்டும். தாங்கி கால்வாசியாக இருக்கும்போது, அலை எழும்பிய ஒரு பின்னேரம் வெளியே போய், முக்கால் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓட்டுங்கள். முதல் பில்டரின் அடிக் கிண்ணத்தில் நீரோ கறுப்புத் துகளோ தெரிந்தால் தாங்கியைத் திறந்து துடைப்பதுதான் வழி. முதல் பில்டர் 10 மைக்ரோன், இரண்டாவது 2 மைக்ரோன், முதலாவதில் ஆறும் இரண்டாவதில் மூன்றும் கையிருப்பு. பில்டர் மாற்றிக் காற்று வெளியேற்றும் வேலையை மூன்று பேரும் கண்ணை மூடிக்கொண்டு செய்யுமளவுக்குப் பழக வேண்டும். எஞ்சின் 50 மணி நேரம் ஓடியதும் ஒயில், ஒயில் பில்டர் மாற்றம், வால்வு இடைவெளி சரிபார்ப்பு. பயணத்துக்கு முன் அந்த 50 மணி நேரம் கடந்திருக்க வேண்டும். மணிக்கு 3 லீற்றர் கணக்கில் 150 லீற்றர் டீசல் 50 மணி நேரம், அதாவது 250 மைல். முழுத் தூரத்துக்கும் எஞ்சினை நம்ப முடியாது என்பதை இந்தக் கணக்கே சொல்கிறது.

மின்சாரத்தில் ஆட்கள் கூட்டிப் பார்க்காமல் விடுகிறார்கள். 12 வோல்ற்றில் ஒரு நாளுக்கு: தானியங்கிச் சுக்கான் 72 அம்பியர்-மணி, குளிர்சாதனப் பெட்டி இந்த வெப்பத்தில் 60, வரைபடத் திரை, ஏஐஎஸ் (பக்கத்துக் கப்பல்களைக் காட்டும் கருவி), மற்றக் கருவிகள் சேர்ந்து 36, விஎச்எஃப் வானொலி 10, விளக்கும் மின்விசிறியும் 20. மொத்தம் ஏறத்தாழ 200. 400 வொட் சூரியப் பலகை நல்ல நாளில் 110 தரும். ஜனவரியில் சூரியன் தெற்கே இருக்கிறது, மேற்கே போகும் படகுக்கு அது இடப்பக்கம், பாயும் அதே பக்கம் விரிந்திருக்கிறது. மேல்தள நடுவில் பதித்த பலகைகளில் பாயின் நிழல் விழுந்துகொண்டே இருக்கும். பலகைகளைப் பின்பக்கச் சட்டத்தில் ஏற்றுங்கள். அப்படியும் நாளுக்கு 90 குறைகிறது. எங்கள் முடிவு தெளிவானது: முதல் பயணத்தில் குளிர்சாதனப் பெட்டியை அணைத்து வையுங்கள். வசதியிருந்தால் காற்றால் இயங்கும் சுக்கான் கருவி பொருத்துங்கள், அதற்கு மின்சாரமே வேண்டாம், காற்று கூடக்கூட அதன் பிடியும் கூடும். வயரெல்லாம் வெள்ளீயம் பூசியதாக இருக்கட்டும். பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் வாகன வயர் உப்புக் காற்றில் சில மாதத்தில் உள்ளுக்குள்ளேயே கறுத்துப் போகும்.

தண்ணீர் ஆளுக்கு நாளுக்கு 4 லீற்றர். மூன்றரை நாள் பயணத்துக்குப் பத்து நாள் கணக்குப் போடுங்கள்: 120 லீற்றர். அதை ஒரே தாங்கியில் வைக்கக் கூடாது. 40 லீற்றராவது தனிக் கலன்களில் இருக்க வேண்டும். புதுத் தாங்கிக்கு வாசனை சேர்க்காத 5 சதவீதக் குளோரின் திரவம் லீற்றர் நீருக்கு 1 மில்லிலீற்றர் வீதம் கலந்து, நாலு மணி நேரம் வைத்து, குழாய்களிலும் ஓடவிட்டு, மூன்று முறை அலசுங்கள். சாப்பாடு முதல் 24 மணி நேரத்துக்குக் கரையிலேயே சமைத்ததாக இருக்கட்டும், புளிச்சோறு தாங்கும். அந்த முதல் நாளில் அடுப்படியில் நின்று வெங்காயம் வதக்க யாருக்கும் வயிறு ஒத்துழைக்காது. கேஸ் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் படகின் அடிவயிற்றில் தேங்கும். சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே போகும் வடிகால் இருக்க வேண்டும், சமைத்து முடிந்த ஒவ்வொரு முறையும் சிலிண்டரிலேயே மூட வேண்டும்.

பாதுகாப்புச் சாமான்களில் இரண்டைப் பற்றி மட்டும் சொல்கிறோம். 406 மெகாஹேர்ட்ஸ் ஈபர்ப் (EPIRB, ஆபத்தில் செய்மதி வழியாக இடத்தை அறிவிக்கும் கருவி) வாங்கினால் மட்டும் போதாது, அதன் எண் உங்கள் படகின் பெயரில் பதிவாகியிருக்க வேண்டும். இலங்கைக்கான குறியீடு 417. வேறு நாட்டுக்குறியீட்டோடு விற்கப்பட்டதை மாற்றாமல் எடுத்துப் போனால், தேடுதல் அழைப்பு முதலில் அந்த நாட்டுக்குத்தான் போகும். மற்றது, இடுப்புப் பட்டியின் கயிறு. 2 மீற்றர் கயிறு ஆளைக் கடலில் விழ விட்டு, படகோடு இழுத்துக்கொண்டு போகும். மேல்தளத்தின் நடுக்கோட்டில் கட்டிய பட்டியில் 1 மீற்றர் கயிற்றை மாட்டினால் ஆள் படகிலேயே நிற்பார்.

சோதனைப் பயணங்கள் படிப்படியாகத்தான். துறைமுகக் கட்டுப்பாட்டுக்கும் கடற்படைக்கும் முன்கூட்டியே சொல்லி, முதலில் பகலில் சில மணி நேரம், பிறகு காற்றுள்ள பகல், பிறகு இரவு. மூன்று நிலையிலும் பாயைச் சுருக்கும் வேலையை, அதாவது ரீஃப் எடுப்பதை, ஒவ்வொருவரும் தனியாகச் செய்து பார்க்க வேண்டும். அதன் பிறகு தெற்கே காலித் துறைமுகத்துக்கு. ஏறத்தாழ 60 மைல், ஒரு இரவு ஓட்டம். போகும்போது வாடை பின்னால் இருக்கும், எல்லாம் சுகமாகத் தெரியும். திரும்பி வரும் வழியில்தான் உண்மையான பரீட்சை: காற்று வலப்பக்கம் முன்னிருந்து வரும், படகு இடப்பக்கம் சாயும், மாலைதீவுக்குப் போகும்போது சாயும் அதே பக்கம். அந்த வழியில் மணிக்கொரு தடவை அடிவயிற்று நீரை அளந்து எழுதுங்கள். பேருவளை, நீர்கொழும்பு வெளியில் இரவில் வலைகள் நிறைய. சின்ன விளக்கு ஒன்றுதான் அடையாளம். வலை சிக்கினால் எஞ்சினை உடனே நியூட்ரலில் போட்டு, பாயைத் தளர்த்துங்கள், இறங்கி வெட்டுவது வெளிச்சம் வந்த பிறகு. கடைசிச் சோதனை, நேர் மேற்கே 60 மைல் போய்த் திரும்புவது. மன்னார்க் காற்றின் ஓரத்தை அது தொட்டுக் காட்டும். வந்ததும் கீல் இணையும் கோட்டில் வெடிப்பு, செயின்பிளேட் (கம்பிகளைப் படகின் உடலோடு இணைக்கும் தகடு) அடியில் துரு வடிந்த கோடு, தண்டுப் பொருத்தில் சொட்டு, இந்த மூன்றையும் பாருங்கள்.

கப்பல்களுக்கு ஒரு கணக்கு. 18 நொட்டில் வரும் கொள்கலன் கப்பல் பத்து நிமிடத்தில் 3 மைல் வந்துவிடும். கொழும்புக்கு வரும் கப்பல்களும், தெவுந்தரமுனையைச் சுற்றிச் செங்கடல் பக்கம் போகும் கப்பல்களும் உங்கள் வழியைக் குறுக்கே வெட்டும். காவலில் இருப்பவர் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை எழுந்து நின்று முழு வட்டமும் பார்க்க வேண்டும், ஏஐஎஸ் இருந்தாலும். பாயின் கீழ் விளிம்பு மறைக்கும் இடப்பக்கத்தைக் குனிந்து பார்க்க வேண்டும்.

நாடு விட்டுப் போவதற்கான துறைமுக அனுமதி, குடிவரவு, சுங்கம் எல்லாம் முகவர் மூலமாகவே நடக்கும்; கொழும்பு தரும் அந்த அனுமதிப் பத்திரத்தை மாலைதீவில் முதலில் கேட்பார்கள். புதுப் படகுக்குப் பூசை செய்து பிள்ளையாரையோ வேளாங்கண்ணி மாதாவையோ உள்ளே வைப்பது நம் வழக்கம். மாலைதீவில் வழிபாட்டுச் சிலைகளைக் கொண்டுவரத் தடை இருக்கிறது. பூசையைக் கரையில் செய்து, சிலையை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். மதுவும் அங்கே அதே மாதிரிச் சிக்கல்.

கடைசி இரண்டு நாளில் புதிதாக எதையும் பொருத்தாதீர்கள், திறந்து பார்த்ததை மறுபடி சோதிக்க நேரம் இராது. கனமான சாமான்களை வலப்பக்கம் அடுக்குங்கள். விடியற்காலை 6 மணிக்குப் புறப்பட்டால் வலைகள் நிறைந்த கரையோரத்தைப் பகலில் கடக்கலாம். ஆனால் 82 மணி நேரம் கூட்டினால் நாலாம் நாள் பின்னேரம் 4 மணிக்கு உலிகமு வரும், அங்கே மணி மூன்றரை. மேற்குச் சூரியன் நேரே கண்ணில் அடிக்கும், தண்ணீருக்கடியில் பவளப்பாறை தெரியாது. பவளத்துக்குள் நுழைவது காலை 9 மணிக்குப் பின், சூரியன் மேலேறி முதுகுக்குப் பின்னால் இருக்கும்போதுதான். பிந்திப் போய்ச் சேர்ந்தால் 15 மைல் வெளியே, முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்து, சுக்கானைக் காற்றுப் பக்கம் பூட்டி, படகைக் கிட்டத்தட்ட ஓடாமல் நிறுத்தி இரவைக் கழிக்க வேண்டும். கீல் வடிவத்துக்கும் பாயின் அளவுக்கும் ஏற்ப ஒவ்வொரு படகும் இதற்கு வெவ்வேறு விதமாக இணங்கும். சிலது இரண்டு ரீஃபோடு நிற்கும், சிலது மூன்று கேட்கும். உங்கள் படகு எதற்கு நிற்கிறது என்பதைக் கொழும்பு வெளியில், 20 நொட் காற்றில், ஒரு முழு இரவு நிறுத்திப் பார்த்துக் குறித்து வையுங்கள்.